பிறரை அறிவது எப்படி? – அந்தமான் தீவுகள் தரும் மனவியல் பாடம்

மனத்தை ஆராய்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. வேதாந்த நூல்கள் அந்தக்கரணம் எனப்படும் அகக்கருவியை மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்காகப் பகுத்து விளக்குகின்றன. பதஞ்சலி முனிவர் சித்தத்தின் விருத்திகளைச் சரியான அறிவு, திரிபுணர்வு, சொல்லளவில் நிற்கும் கற்பனை, உறக்கம், நினைவு என ஐந்தாக வகுத்தார். மேலைநாட்டில், 1879-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் என்பவர் சோதனைக்கூடம் ஒன்றை நிறுவியதையே நவீன உளவியலின் தொடக்கமாகக் கொள்கின்றனர். ஒன்று முக்தியை நாடி மனத்தை ஆராய்ந்தது. மற்றொன்று மனிதனின் நடத்தையை விளங்கிக்கொள்ள ஆராய்ந்தது. இரண்டும் சந்திக்கும் இடங்கள் பல உள்ளன.

கற்றல், சிந்தித்தல், பிறரை அறிதல் ஆகிய மூன்றும் உளவியலின் அடிப்படைக் கருத்துகள். இவற்றை ஏட்டளவில் படிப்பதைவிட, நம் நாட்டின் ஒரு பகுதியில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு சிந்திப்பது பயன் தரும். அதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகள் மிகவும் ஏற்றவை. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், நிக்கோபாரியர், ஷோம்பென் ஆகிய பழங்குடியினர் இருக்கின்றனர். வங்காளிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோர், நாடுகடத்தப்பட்ட கைதிகளின் வழித்தோன்றல்கள் எனப் பின்னர் குடியேறியவர்களும் இருக்கின்றனர். இத்தனை வகை மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு கண்டனர், எவ்வாறு தவறாகக் கண்டனர் என்பதே இப்பாடத்தின் மையம்.

1. கற்றல்

அனுபவத்தினால் நடத்தையில் ஏற்படும் நிலையான மாற்றமே கற்றல் என்று உளவியல் கூறும். அது பல வழிகளில் நிகழ்கிறது.

ரஷ்ய அறிஞர் பாவ்லவ், நாய்க்கு உணவளிக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியை எழுப்பினார். நாளடைவில் அந்த ஒலியைக் கேட்ட அளவிலேயே, உணவைக் காணாமலே, நாயின் வாயில் உமிழ்நீர் சுரந்தது. ஒரு தூண்டல் மற்றொன்றோடு பிணைக்கப்படும்போது இவ்வகைக் கற்றல் நிகழ்கிறது. இதனை ஆக்கநிலையுறுத்தம் என்பர். அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர், ஒரு செயலைத் தொடர்ந்து பலன் கிடைத்தால் அச்செயல் மீண்டும் மீண்டும் செய்யப்படும் என்று காட்டினார். இதற்கு வலுவூட்டல் என்று பெயர். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பலனைவிட, எப்போதாவது கிடைக்கும் பலனால் பதிந்த பழக்கம் எளிதில் அழிவதில்லை என்பதும் அவரது ஆய்வில் தெரியவந்தது. பிறரைப் பார்த்தே நாம் பலவற்றைக் கற்கிறோம் என்பதை ஆல்பர்ட் பண்டுரா 1961-இல் குழந்தைகளிடம் நடத்திய சோதனையால் நிறுவினார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள், தாமும் அவ்வாறே அடித்தனர்.

இவ்வாறு பதிந்தவற்றின் தொகுப்பையே நம் நூல்கள் ஸம்ஸ்காரம் என்கின்றன. சித்தம் அவற்றின் களஞ்சியம். ஸம்ஸ்காரம் நம்மைக் காக்கவும் கூடும், கட்டிப்போடவும் கூடும். காத்ததற்கு ஒரு சான்று காண்போம்.

2004 டிசம்பர் 26 அன்று காலை இந்திய நேரப்படி சுமார் ஆறரை மணிக்கு, சுமத்ராவிற்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூகம்பம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியது. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அந்நாளில் சிறிய அந்தமான் தீவில் வாழ்ந்த ஓங்கே மக்கள், நிலம் நடுங்கியதையும் கடல்நீர் உள்வாங்கியதையும் கண்டு மேட்டு நிலத்திற்குச் சென்றனர், உயிர் தப்பினர். அவர்களிடம் கருவிகள் இல்லை. எச்சரிக்கைச் செய்தியும் வரவில்லை. மூத்தோர் வழிவழியாகச் சொல்லி வந்தது அவர்களிடம் இருந்தது.

அதே பூகம்பத்தின் மையத்திற்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலூ தீவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1907-ஆம் ஆண்டுப் பேரலையில் பலரை இழந்த அத்தீவினர், அந்நினைவைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004-இல் அங்கிருந்த சுமார் 78 ஆயிரம் பேரில் உயிரிழந்தோர் ஏழே பேர். தாய்லாந்தின் புக்கெட் தீவில், அதற்கு இரு வாரங்களுக்கு முன் பள்ளியில் ஆழிப்பேரலை பற்றிப் படித்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு எச்சரித்ததால் ஒரு கடற்கரையில் இருந்தோர் அனைவரும் தப்பினர். பாட்டியின் கதையாயினும் பள்ளியின் பாடமாயினும், உரிய நேரத்தில் நினைவிற்கு வந்து செயலாக மாறினால் அதுவே கல்வி.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நிக்கோபாரியர் பெருமளவில் மாண்டதனால் அவர்கள் அறியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடலாகாது. கார் நிக்கோபார் பெரும்பாலும் சமதளமான தீவு. ஊர்கள் கரையோரத்திலேயே இருந்தன. பூகம்பம் ஏற்பட்ட சிறிது நேரத்திலேயே அலை வந்துவிட்டது. விளைவை மட்டும் பார்த்து மனிதர்களின் தகுதியை அளக்கும் இந்த அவசரம் நம் மனத்தின் ஒரு பொதுவான குறை. அதனை அடுத்துக் காண்போம்.

2. சிந்தித்தல்

நாம் சிந்திக்கிறோம் என்று எண்ணும் பல நேரங்களில், முன்பே கொண்ட முடிவிற்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறோம். பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1960-இல் இதனை எளிய சோதனையால் காட்டினார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை எந்த விதிப்படி அமைந்தவை என்று கண்டறியச் சொன்னார். சோதனைக்கு வந்தவர்கள் தாமும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லலாம். அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று அவர் விடையளிப்பார். பலரும் ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று எண்ணிக்கொண்டு 8, 10, 12 என்பது போன்றவற்றையே சொல்லிப் பார்த்தனர். உண்மையான விதியோ ‘ஏறுவரிசையில் உள்ள எவ்வெண்களும்’ என்பது. தம் கருத்து தவறாக இருக்கக்கூடுமோ என்று சோதிக்க 1, 2, 9 என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். பலர் அவ்வாறு கேட்கவில்லை.

மற்றொரு குறை, எளிதில் நினைவிற்கு வருவதையே உண்மை என்று கொள்வது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1973-இல் இதனை விளக்கினர். அச்சமூட்டும் ஒரு கதை ஆயிரம் சாதாரண உண்மைகளைவிட விரைவில் நினைவிற்கு வரும். அதனாலேயே அது மிகுதியாக நடப்பதுபோல் தோன்றும்.

அந்தமான் மக்களைப் பற்றி உலகம் கொண்ட எண்ணம் இவ்விரு குறைகளுக்கும் எடுத்துக்காட்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மார்கோ போலோவின் பயண நூல், அத்தீவினர் நாய்த்தலை உடையவர் என்றும் அயலாரைத் தின்பவர் என்றும் கூறியது. அக்கதை பல நூற்றாண்டுகள் வழங்கியது. 1858-இல் ஆங்கிலேயர் அங்கே கைதிகளின் குடியேற்றத்தை நிறுவினர். அதன்பின் அம்மக்களோடு பழகி ஆராய்ந்தவர்கள், நரமாமிசம் உண்ணும் வழக்கத்திற்கு எந்தச் சான்றும் இல்லை என்று எழுதினர். ஆயினும் 1890-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் ஒன்றில் ஆர்தர் கானன் டாயில் அந்தமான் மனிதனை நச்சு அம்பு எய்யும் கொடியவனாகவே படைத்தார். மறுக்கப்பட்ட பின்னும் கதை வாழ்ந்தது. கேட்பவர் மனத்தில் அதற்கு ஏற்கெனவே இடம் இருந்தது.

இருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று காணும் உவமையை அன்பர்கள் அறிவர். அங்கே கண்ணில் குறை இல்லை. பாம்பைப் பற்றிய நினைவு சித்தத்தில் இருக்கிறது, வெளிச்சமோ போதவில்லை, புத்தி ஆராயாமல் தீர்ப்பளித்துவிடுகிறது. இல்லாததை உள்ளதன் மேல் ஏற்றுவதாகிய அத்யாஸம் ஆத்மாவைப் பற்றிய அஞ்ஞானத்தில் மட்டும் நிகழ்வதன்று. அடுத்த வீட்டாரைப் பற்றிய நம் எண்ணத்திலும் அது நாள்தோறும் நிகழ்கிறது.

3. பிறரை அறிதல்

பிறரைப் பற்றி நாம் கருத்துக் கொள்ளும் முறையைச் சமூகப் புலன்காட்சி என்பர். இதில் முதலாவது முதற்பதிவு. சாலமன் ஆஷ் 1946-இல் ஒரு மனிதரைப் பற்றிய குணப்பட்டியலை இரு குழுவினரிடம் கொடுத்தார். பட்டியலில் ‘அன்பானவர்’ என்னும் பொருள்படும் ஒரு சொல் ஒரு குழுவிற்கும், ‘அன்பற்றவர்’ என்னும் பொருள்படும் சொல் மற்றதற்கும் தரப்பட்டன. பிற சொற்கள் எல்லாம் ஒன்றே. ஒரு சொல் மாறியதால் அம்மனிதரைப் பற்றிய முழுச் சித்திரமும் மாறிவிட்டது.

இரண்டாவது முத்திரை குத்துதல். ஒரு குழுவினர் அனைவருக்கும் ஒரே குணத்தை ஏற்றிவிடுகிறோம். ‘ஜாரவா’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அது அம்மக்கள் தமக்கு இட்ட பெயரன்று. அண்டையில் வாழ்ந்த மற்றோர் அந்தமான் இனத்தாரின் மொழியில் ‘அயலார்’ என்று பொருள்படும் சொல் அது. அவர்கள் தம்மை ‘அங்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். அயலாரென்று பிறர் சொன்னதே அவர்களுக்கு அரசாங்க ஏடுகளிலும் பெயராகிவிட்டது.

மூன்றாவது காரணம் கற்பித்தல். நாம் தவறு செய்தால் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம். பிறர் தவறு செய்தால் அவரது குணத்தைக் காரணம் காட்டுகிறோம். லீ ராஸ் என்ற உளவியலாளர் பிறரை மதிப்பிடுவதில் உள்ள இச்சாய்வினை 1977-இல் ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று பெயரிட்டு விளக்கினார்.

2004-ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின், வட சென்டினல் தீவினர் உயிரோடிருக்கிறார்களா என்று பார்க்கக் கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் சென்றது. கரையில் ஒருவர் நின்று அதை நோக்கி வில்லை உயர்த்திய புகைப்படம் உலகெங்கும் பரவியது. ‘எவ்வளவு மூர்க்கமான மக்கள்’ என்றே பலர் எண்ணினர். அவர் நிலையில் நின்று பார்ப்போம். நிலம் நடுங்கி, கடல் பொங்கி, கரை உருமாறியிருந்தது. அப்போது வானத்திலிருந்து பேரிரைச்சலோடு ஏதோ ஒன்று இறங்கி வருகிறது. தம் மக்களைக் காக்க நினைக்கும் மனிதர் வேறென்ன செய்வார்?

வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 1880-இல் ஆங்கிலேய அதிகாரி போர்ட்மன் அத்தீவிற்குச் சென்று முதியவர் இருவரையும் குழந்தைகள் நால்வரையும் பிடித்துச் சென்றார். முதியவர் இருவரும் நோயுற்று இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டனர். கிரேட் அந்தமானியரோ அயலாரின் தொடர்பால் வந்த நோய்களால் அழிந்து, 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்திருந்தனர். படகு வந்தால் சாவு வரும் என்று ஒரு சமூகம் கற்றுக்கொண்டிருந்தால், அதனை மூர்க்கம் என்று எவ்வாறு கூறுவது? பாவ்லவின் பாடத்தை இங்கே பொருத்திப் பார்க்க இடமுண்டு. அதே மக்கள்தாம் 1991 ஜனவரியில், மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண் ஆய்வாளரும் இடம்பெற்ற குழுவினரிடமிருந்து தேங்காய்களைப் பெற்றுக்கொண்டனர்.

கைதிகளின் கதையும் இதையே கூறுகிறது. ‘குற்றவாளிகள்’ என்று கடல்கடந்து அனுப்பப்பட்டவர்களில் பலர், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தபின் நிலம் பெற்று, மணம்புரிந்து, உழவர்களாகவும் தொழிலாளர்களாகவும் வாழ்ந்தனர். சூழ்நிலை மாறியதும் வாழ்க்கையும் மாறியது. குற்றம் அவர்களது பிறவிக் குணமாக இருந்திருந்தால் இது எவ்வாறு நடந்திருக்கும்?

4. சாலையோரத்தில் ஒரு சங்கிலி

கற்றல், சிந்தித்தல், பிறரை அறிதல் மூன்றும் தனித்தனியானவை அல்ல; ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் இதனைக் காணலாம். அச்சாலை ஜாரவா மக்களின் காட்டினூடே செல்கிறது. வாகனங்கள் காவலுடன் வரிசையாகவே செல்ல வேண்டும்; வழியில் நிறுத்துவதும், புகைப்படம் எடுப்பதும், உணவுப் பொருள் தருவதும் தடைசெய்யப்பட்டவை. ஆயினும் பயணிகளில் சிலர் வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் எறிந்தனர். 2012 ஜனவரியில், உணவிற்காக ஜாரவாப் பெண்கள் ஆடுமாறு செய்யப்பட்ட காணொளி வெளியாகி நாட்டையே தலைகுனியச் செய்தது.

இங்கே நிகழ்ந்ததைப் படிப்படியாக ஆராய்வோம். வண்டியிலிருந்து ஒருவர் உணவை எறிகிறார். சாலைக்கு வந்த சிறுவனுக்குப் பலன் கிடைக்கிறது. எல்லா வண்டிகளும் எறிவதில்லை. எப்போதாவது ஒன்று எறிகிறது. ஸ்கின்னர் கூறியபடி இதுவே பழக்கத்தை ஆழப்பதிக்கும் முறை. தம்பி அண்ணனைப் பார்த்துக் கற்கிறான். சில ஆண்டுகளில் சாலையோரத்தில் நீட்டிய கைகளைப் பயணி காண்கிறார். ‘இவர்கள் இரந்து வாழ்பவர்கள்’ என்று அவர் முடிவு செய்கிறார். தேனும் கிழங்கும் பன்றியும் மீனும் தாமே தேடி உண்டு, எவரையும் அண்டாமல் வாழ்ந்த மக்களைப் பற்றிய தீர்ப்பு இது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரிகிறது. அதனை நீட்டக் கற்பித்த கை தெரிவதில்லை. பழக்கத்தை உண்டாக்கியவர்களே அதனைப் பிறருடைய இயல்பு என்று பெயரிடுகின்றனர்.

இது அந்தமானில் மட்டும் நிகழ்வதா? அழுதால்தான் பொருள் கிடைக்கும் என்று குழந்தைக்குக் கற்பித்துவிட்டு, ‘பிடிவாதக்காரன்’ என்கிறோம். உண்மை சொன்னபோது தண்டித்துவிட்டு, மகனைப் ‘பொய்யன்’ என்கிறோம். பணியாளரை நம்பாமல் நடத்திவிட்டு, அவர் மனமொன்றி உழைப்பதில்லை என்கிறோம். தானம் செய்வோரும் சேவை செய்வோரும் இதனைச் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும். கொடுப்பவரை உயர்த்தி, பெறுபவரைத் தாழ்த்தும் ஈகை, பெறுபவருக்குத் தாழ்மையையே கற்பிக்கும்.

5. நெருங்குதலும் விலகி நிற்றலும்

தப்பெண்ணம் நீங்க வழி என்ன? கார்டன் ஆல்போர்ட் 1954-இல் வெளியிட்ட நூலில், இரு குழுவினர் சம நிலையில், பொதுவான நோக்கத்தோடு, ஒத்துழைத்து, அதிகாரத்தின் ஆதரவோடு பழகினால் தப்பெண்ணம் குறையும் என்றார். வெறுமனே பார்த்துக்கொள்வது போதாது. நெடுஞ்சாலையில் பல ஆண்டுகள் பார்த்தும் பயன் விளையவில்லை.

1996-இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞர் ஒருவரைக் குடியேறியோர் கண்டனர். அவர் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சில மாதங்கள் சிகிச்சை பெற்று நலமடைந்து, காட்டிற்குத் திரும்பினார். 1997 அக்டோபரில், அதுவரை வெளியாரைப் பகையாகக் கருதிய ஜாரவா மக்கள், பகலில், ஆயுதமின்றி, குடியிருப்புகளுக்கு வந்தனர். அவ்விளைஞர் கண்டு சென்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று பலர் கருதுகின்றனர். நோயாளியாக மதிக்கப்பட்டவர், தம்மவரிடம் வேறொரு செய்தியைக் கொண்டு சென்றிருக்கலாம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நெருக்கம் நோயையும் கொணர்ந்தது. 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. ஆகவே அன்பு என்பது எப்போதும் நெருங்கிச் செல்வதன்று. மைத்ரி, கருணை, முதிதை ஆகியவற்றோடு உபேக்ஷை என்பதையும் பதஞ்சலி சேர்த்தார். தீமையைக் கண்டு சித்தம் கலங்காதிருக்கவே அவர் அதனைக் கூறினார். பற்றும் வெறுப்பும் இன்றி உரிய இடைவெளியைக் காத்தல் என்று அதனை நாம் விரித்துப் பொருள் கொள்ளலாம். இந்திய அரசு 1990-களின் நடுப்பகுதியில் சென்டினல் தீவிற்குப் பரிசுகளோடு செல்லும் பயணங்களை நிறுத்தியது. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவாக் கொள்கையும் அவர்கள் வாழ்வில் தலையீட்டை மிகக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. பிறரை அவர் விரும்பும் அளவிற்கே நெருங்குவதும் மரியாதை.

6. சாதகருக்கான பயிற்சி

இப்பாடத்தை வாழ்வில் கொள்ள நான்கு படிகளை மேற்கொள்ளலாம். நீங்கள் விரும்பாத ஒருவரை மனத்தில் கொண்டு, ஒரு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து சிந்தியுங்கள்.

முதலாவது, கண்டதையும் கருதியதையும் பிரித்தல். ‘அவர் வணங்காமல் சென்றார்’ என்பது கண்டது. ‘அவர் செருக்குடையவர்’ என்பது கருதியது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

இரண்டாவது, எங்கே கற்றோம் என்று வினவுதல். இக்கருத்து நேரில் பழகியதால் வந்ததா, பிறர் சொல்லக் கேட்டு வந்ததா? எத்தனை ஆண்டுகளுக்கு முன் பதிந்தது?

மூன்றாவது, மாற்றுச் சான்று தேடுதல். நம் கருத்துக்கு எதிராக அவர் செய்த நற்செயல் ஒன்றேனும் நினைவிற்கு வருகிறதா என்று பாருங்கள். வேசனின் சோதனையில் பலர் கேட்கத் தவறிய வினா இதுவே.

நான்காவது, நம் பங்கை ஆராய்தல். அவரது இந்நடத்தையை நாம் எவ்விதத்திலேனும் கற்பித்தோமா, வலுவூட்டினோமா? பெற்றோரும் ஆசிரியரும் தலைமைப் பொறுப்பில் உள்ளோரும் இவ்வினாவில் நெடுநேரம் நிற்க வேண்டும்.

எல்லா உயிர்களிலும் ஒரே ஆத்மா உறைகிறது என்பது நம் சமயத்தின் உயர்ந்த கொள்கை. அக்கொள்கையை நாவால் ஒப்புக்கொள்வது எளிது. சித்தத்தில் பதிந்த கதைகளும், புத்தியின் அவசரமும், அகங்காரத்தின் ‘நாம், அவர்கள்’ என்ற பிரிவும் அதற்குத் திரையாக நிற்கின்றன. விளக்கொளியில் கயிறு கயிறாகத் தெரிந்தபின் பாம்பை அடித்து விரட்ட வேண்டிய தேவையில்லை. விளக்கேற்றும் பணி மட்டுமே நம்முடையது. அதனை நம் வீட்டிலிருந்தே, மிக அருகில் இருக்கும் ஒருவரிடமிருந்தே தொடங்குவோமாக.